கறுப்பின டேண்டிகளும் அளவெடுத்துத் தைத்த கோட்டும்: வாசகர் கேள்வி – பதில்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் 2025 மே 10 முதல் அக்டோபர் 26 வரை நடந்த கறுப்பின ஆடவர் உடைக் கண்காட்சியைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் பலவும் தனித்தனியே விரிவான பதிலைக் கோருபவையாக இருந்ததால், இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஒத்த கருத்துள்ள கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: டேண்டி என்று யாரைச் சொல்கிறார்கள்? கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு டேண்டி மரபு இருப்பதாகச் சொல்வது ஏன்?

பதில்: துணியின் தரம், வெட்டு, நிறப் பொருத்தம், நடை, நிற்கும் தோரணை என எல்லாவற்றிலும் திட்டமிட்ட கவனம் செலுத்தி, உடையையே தன் ஆளுமையின் முதல் வெளிப்பாடாகக் கொள்ளும் ஆடவரை ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து டேண்டி என்று அழைத்து வந்தார்கள். விலை உயர்ந்த ஆடை அணிந்தவர் எல்லாரும் டேண்டி ஆகிவிடுவதில்லை. அந்த மரபின் முன்னோடியாகக் கருதப்படும் இங்கிலாந்தின் பியூ பிரம்மெல் (1778–1840) சரிகையையும் பட்டையும் ஒதுக்கிவிட்டு, உடலோடு பொருந்த வெட்டிய கருநிறக் கோட்டாலும் கஞ்சியிட்டுக் கட்டிய வெள்ளைக் கழுத்துத் துணியாலும் லண்டன் பிரபுக்கள் அனைவரையும் தன்னைப் பின்பற்றச் செய்தவர்.

கறுப்பினத்தவரின் மரபு இதே காலத்தில், ஆனால் முற்றிலும் வேறான நிலையிலிருந்து தொடங்குகிறது. பிரம்மெல்லின் உடல் அவருக்கே சொந்தம் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமையாக வாழ்ந்த ஒருவரின் உடலோ சட்டப்படி இன்னொருவரின் சொத்து. அந்த உடலின் மேல் போடப்படும் துணியும் சொத்தின் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதி. அடிமையாகப் பிறந்து, தப்பி, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய பிரெடெரிக் டக்ளஸ் தம் தன்வரலாற்றில் இதைத் துல்லியமாக எழுதியிருக்கிறார். வயலில் வேலை செய்ய முடியாத வயதிலிருந்த சிறுவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முரட்டு நூல் சட்டைகள் மட்டுமே தரப்பட்டன. அவை கிழிந்துபோனால் அடுத்த வழங்கல் நாள் வரை அந்தக் குழந்தைகள் ஆடையின்றியே திரிந்தார்கள். அப்படி வளர்ந்த அந்தச் சிறுவர்தான், பிற்காலத்தில் கோட்டும் வெயிஸ்ட்கோட்டும் கழுத்துத் துணியுமாக, சிரிப்பின்றி நேராகப் பார்க்கும் ஏறத்தாழ 160 ஒளிப்படங்களில் பதிவாகி, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட மனிதர் ஆனார்.

என் பார்வையில் இந்த மரபு முழுவதையும் பிணைக்கும் இழை, அளவெடுத்தல் என்ற செயல்தான். அடிமைக்கு வழங்கப்பட்ட துணி, இன்னாருக்கு என்று யோசித்து வெட்டப்பட்டதல்ல. தோட்டத்தில் இத்தனை பேர் என்ற கணக்குக்கு ஏற்பக் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. தையற்காரர் ஒருவர் நாடாவை எடுத்துத் தோளையும் மார்பையும் கையின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ளும்போது, எதிரில் நிற்பவர் வேறு எவரோடும் மாற்றிக்கொள்ள முடியாத தனி மனிதர் என்பதை ஒப்புக்கொள்கிறார். சொத்தாகக் கணக்கிடப்பட்ட மக்களுக்கு அந்த ஒப்புதல் எவ்வளவு பெரியது என்பதை உணர்ந்தால் மற்றவை எளிதாக விளங்கும்.

கேள்வி: அந்தக் கண்காட்சியின் பெயர் 'சூப்பர்ஃபைன்'. அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? யார் உருவாக்கினார்கள்?

பதில்: ஒலாடா எக்வியானோ என்பவர் 1789இல் லண்டனில் வெளியிட்ட தன்வரலாற்றிலிருந்து எடுத்தது. கரீபியத் தீவான மான்செராட்டில் அடிமையாக இருந்த அவர், கப்பல் பயணங்களின்போது சிறு வணிகம் செய்து காசு சேர்த்து, 1766இல் 40 பவுண்டு ஸ்டெர்லிங் கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டார். விடுதலை கைகூடும் என்ற நம்பிக்கை பிறந்த உடனே, அது கைக்கு வருவதற்கு முன்பே, 8 பவுண்டுக்கும் மேல் செலவழித்து, தம் விடுதலை நாளில் நடனமாடுவதற்காக 'சூப்பர்ஃபைன்' துணியில் ஓர் ஆடை வாங்கியதாக எழுதுகிறார். 'சூப்பர்ஃபைன்' என்பது அக்காலத்து உயர்தரக் கம்பளித் துணியின் வணிகப் பெயர். தம் உயிருக்கு விதிக்கப்பட்ட விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஓர் ஆடைக்குக் கொடுத்தவரை நாம் ஊதாரி என்று சொல்லிவிட முடியாது. விடுதலைக்குப் பின் தாம் நடத்திய நடன விருந்துகளில் அந்த நீல நிற ஆடை நன்றாகவே எடுபட்டது என்று அவர் பெருமிதத்தோடு குறிப்பிடும் வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கண்காட்சிக்கு அடிப்படையாக அமைந்தது, பர்னார்டு கல்லூரிப் பேராசிரியர் மோனிகா மில்லர் 2009இல் வெளியிட்ட ஆய்வு நூல். அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுத் தலைவர் ஆண்ட்ரூ போல்ட்டன் அவரை விருந்தினர் பொறுப்பாளராக அழைத்து இதை உருவாக்கினார். எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1934இல் எழுதிய ஒரு கட்டுரையின் அமைப்பைத் தழுவி, உடைமை, மாறுவேடம், விடுதலை, மதிப்பு, அழகு முதலான 12 பிரிவுகளாகக் காட்சி வகுக்கப்பட்டது. அதே அருங்காட்சியகத்தில் ஆடவர் உடையை மையமாகக் கொண்ட கண்காட்சி அதற்கு முன் 2003இல்தான் நடந்திருந்தது. தொடக்க விழாவில் 3 கோடியே 10 லட்சம் டாலர் நிதி திரண்டது. அந்த விழாவின் வரலாற்றில் அதுவரை இல்லாத தொகை.

கேள்வி: கோட்டும் சூட்டும் வெள்ளையரின் உடை. தங்களை ஒடுக்கியவர்களின் உடையையே விரும்பி அணிவதை எதிர்ப்பு என்று எப்படிக் கொள்ள முடியும்? அது அடிமை மனநிலையின் தொடர்ச்சி ஆகாதா?

பதில்: வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்தக் கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், ஒடுக்கியவர்கள் இந்த உடையை எப்படிப் பார்த்தார்கள் என்று கவனியுங்கள். 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகளின் கிளர்ச்சி ஒன்று வெடித்தது. அதற்கு அடுத்த ஆண்டு அங்கே இயற்றப்பட்ட சட்டம், எழுதக் கற்பிப்பதையும் கூட்டம் கூடுவதையும் தடுத்ததோடு நிற்கவில்லை. அடிமைகள் தங்கள் நிலைக்கு மீறிய ஆடைகளை அணிகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டு, இன்னின்ன முரட்டுத் துணி வகைகளைத் தவிர வேறெதையும் அவர்கள் அணியக் கூடாது என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. மீறி அணிந்திருப்பவரின் ஆடையைக் காவலர் பறிக்கலாம். பறித்ததைத் தாமே வைத்துக்கொள்ளலாம். 1786இல் ஸ்பானிய ஆட்சியிலிருந்த லூசியானாவில் ஆளுநர் மிரோ, கறுப்பினப் பெண்கள் தலைமுடியை அலங்கரித்துக் காட்டாமல் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் பெண்கள் தலைத்துணியையே வண்ணமயமான அணிகலனாக மாற்றிக்கொண்டார்கள். வெறும் போலியாக்கம் என்றால் அதைத் தடுக்கச் சட்டம் தேவைப்பட்டிருக்காது.

தென் கரோலினாச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. வீட்டுப் பணியில் சீருடை அணியும் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் அந்தத் தடை பொருந்தாது. அதாவது, எசமானரின் செல்வத்தைக் காட்டுவதற்காக எசமானர் தேர்ந்தெடுத்து அணிவிக்கும் வரை, பொன் பின்னல் வைத்த கோட்டைக் கறுப்பு உடல் அணிவதில் யாருக்கும் மறுப்பில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் லூசியானாவின் செல்வந்த வீடு ஒன்றின் அடிமைகளுக்காக நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் தைத்த சீருடைக் கோட்டுகள் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. நல்ல துணி, நல்ல தையல். எக்வியானோவின் நீல ஆடையும் நல்ல துணிதான். ஒன்றை உடையவர் அணிவித்தார். மற்றொன்றை அணிந்தவரே தேர்ந்தெடுத்து, தம் காசைக் கொடுத்து வாங்கினார். சட்டம் அஞ்சியது இந்த இரண்டாவதைத்தான்.

ஒரு வாழ்க்கையிலேயே முதலாவது இரண்டாவதாக மாறியதற்கு ஜூலியஸ் சுபீஸ் எடுத்துக்காட்டு. கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸில் பிறந்து, ஏறத்தாழப் பத்து வயதில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அவர், குவீன்ஸ்பரி கோமகளிடம் ஒப்படைக்கப்பட்டார். வெள்ளைப் பிரபுக் குடும்பங்களில் கறுப்பினச் சிறுவர்களுக்குப் பட்டும் தலைப்பாகையும் அணிவித்து அலங்காரப் பொருளாக உடன் வைத்துக்கொள்வது அன்றைய வழக்கம். சுபீஸ் வளர்ந்ததும் அந்த அலங்காரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். வாள்வீச்சையும் குதிரையேற்றத்தையும் புகழ்பெற்ற ஆசான் டொமினிக்கோ ஏஞ்செலோவிடம் கற்று, நறுமணமும் பூச்செண்டும் வைரக் கொளுவி வைத்த காலணியுமாக லண்டன் அரங்குகளில் வலம் வந்தார். 1770களின் கேலிச்சித்திரக்காரர்கள் அவரை விட்டுவைக்கவில்லை. 1777இல் அவர் இங்கிலாந்தை விட்டு வெளியேறிக் கல்கத்தா சென்று, அங்கே குதிரையேற்ற, வாள்வீச்சுப் பள்ளி நடத்தி, 1798இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவரை மாசற்ற நாயகர் என்று நான் சொல்ல மாட்டேன். கடனும் அவதூறுகளும் அவரைத் தொடர்ந்தன. ஆனால் அடிமைச் சிறுவனுக்கென்று வகுத்த பாத்திரத்தை அவர் ஏற்று நடிக்க மறுத்தார் என்பதில் ஐயமில்லை.

இன்னொன்று. கோட் ஐரோப்பாவில் பிறந்தது என்பதனால் அது என்றென்றும் ஐரோப்பியருக்கே உரியது என்று ஏன் கொள்ள வேண்டும்? அந்தக் கோட்டுக்கு வேண்டிய பருத்தியை விளைவித்தவர்களும், எசமானர் வீடுகளில் அதைத் தைத்து, வெளுத்து, இஸ்திரி போட்டவர்களும் பெரும்பாலும் கறுப்பின மக்களே. அதன் உள்மடிப்பு எங்கே இருக்கிறது என்று அணிந்தவரைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

கேள்வி: நன்றாக உடுத்திய கறுப்பினத்தவரைக் கோமாளியாகக் காட்டும் பழைய படங்களைப் பார்த்திருக்கிறேன். அவை எப்படித் தோன்றின?

பதில்: அமெரிக்காவின் வட மாநிலங்களில் அடிமை முறை படிப்படியாக ஒழிக்கப்பட்டபோது, பிலடெல்ஃபியா போன்ற நகரங்களில் சொந்தத் தொழிலும் வருமானமும் உள்ள கறுப்பினக் குடும்பங்கள் உருவாயின. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் நல்ல உடையில் தெருவில் நடந்தது வெள்ளையர் பலருக்குப் பொறுக்கவில்லை. 1828 முதல் 1830 வரை கேலிச்சித்திரக்காரர் எட்வர்டு கிளே வெளியிட்ட அச்சுப்பட வரிசை அவர்களைப் பெருத்த தொப்பியும் பொருந்தாத வாலங்கியும் பிழையான பேச்சுமாகச் சித்திரித்தது. முகத்தில் கரி பூசி ஆடிய வெள்ளை நடிகர்களின் மேடைகளில் அதே உருவம் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. டக்ளஸ் ஒளிப்படக் கருவியின் முன் அத்தனை முறை அமர்ந்ததற்கு இதுவே காரணம். வெள்ளை ஓவியர் ஒருவர் கறுப்பு முகத்தைக் கேலி கலக்காமல் வரைவது அரிது என்று அவர் கருதினார். இயந்திரம் அப்படிச் செய்யாது என்று நம்பினார். கறுப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸ் 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகப் பொருட்காட்சிக்குக் கறுப்பின அமெரிக்கரின் வாழ்வைக் காட்டும் 363 ஒளிப்படங்களைத் தொகுத்து அனுப்பியதும் இதே நோக்கத்தில்தான்.

கேள்வி: இந்த மரபில் பெண்களுக்கு இடமே இல்லையா?

பதில்: இருக்கிறது, அதுவும் மிகத் துணிச்சலான இடம். 1848 டிசம்பரில் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரிலிருந்து எலன் கிராஃப்ட், வில்லியம் கிராஃப்ட் என்ற அடிமைத் தம்பதியர் தப்பிச் சென்றார்கள். வெளிர் நிறத்தவரான எலன், நோயுற்ற வெள்ளைத் தோட்ட முதலாளியாக வேடமிட்டார். வில்லியம் அவருடைய பணியாளராக உடன் சென்றார். கைதேர்ந்த தையற்காரியான எலன் தமக்கான கால்சட்டையைத் தாமே தைத்தார். உயரத் தொப்பி, பச்சைக் கண்ணாடி, முகத்தைச் சுற்றி ஒரு கட்டு. எழுதத் தெரியாததால், விடுதிப் பதிவேட்டில் கையெழுத்திடச் சொல்வார்கள் என்று எண்ணி வலக்கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டார். இரயிலிலும் கப்பலிலும் முதல் வகுப்பில் பயணம் செய்து, கிறிஸ்துமஸ் நாளன்று அடிமை முறை இல்லாத பிலடெல்ஃபியாவை அடைந்தார்கள். ஒரு சூட், ஒரு பெண்ணை ஆணாக, ஒரு கறுப்பினத்தவரை வெள்ளையராக, ஓர் அடிமையை முதலாளியாக ஒரே நேரத்தில் காட்டியது. இந்த வேற்றுமைகளை இயற்கையானவை என்று சொல்லிக்கொண்டிருந்த சமூகத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேறு என்ன வேண்டும்?

பிற்காலத்தில் 1920, 30களில், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், பாடகி கிளாடிஸ் பென்ட்லி ஆடவரின் விருந்து உடையான டக்ஸீடோவை வெள்ளை நிறத்திலும் உயரத் தொப்பியும் அணிந்து பியானோ இசைத்துப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். இன்றைய பாடகி ஜனெல் மோனே நெடுங்காலம் கறுப்பு வெள்ளை சூட் மட்டுமே அணிந்து மேடையேறினார். துப்புரவுப் பணி போன்ற வேலைகளில் சீருடை அணிந்து உழைத்த தம் குடும்பத்தாருக்குச் செய்யும் மரியாதையாக அதை அவர் விளக்கியிருக்கிறார்.

கேள்வி: காங்கோவில் வறுமையில் வாழ்பவர்கள்கூட ஆயிரக்கணக்கில் செலவு செய்து பாரிஸ் சூட் வாங்குகிறார்கள் என்று படித்தேன். பிள்ளைகளின் படிப்புக்கும் உணவுக்கும் போக வேண்டிய பணத்தை இப்படிச் செலவழிப்பதைக் கலாசாரம் என்று பாராட்டலாமா?

பதில்: கேள்வியில் உள்ள அக்கறையை மதிக்கிறேன். நீங்கள் குறிப்பிடுவது 'சப்பர்' என்று அழைக்கப்படுபவர்களை. காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே நிற்கும் பிரஸாவில், கின்ஷாசா என்ற இரண்டு தலைநகரங்களில், குறிப்பாகப் பிரஸாவிலின் பக்கோங்கோ பகுதியில், இந்த மரபு செழித்தது. பிரெஞ்சு, பெல்ஜியக் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் வீட்டு வேலைக்காரர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக எசமானர்களின் பழைய உடைகளைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. சில ஆண்டுகளில் அந்த வேலைக்காரர்கள் கழித்துப்போட்ட உடையை மறுத்து, கூலியைச் சேர்த்துப் பாரிஸிலிருந்து புதிய உடைகளைத் தருவிக்கத் தொடங்கினார்கள். குடியேற்ற ஆட்சியை எதிர்த்த ஆந்த்ரே மாத்சுவா பாரிஸிலிருந்து முழுப் பிரெஞ்சு உடையில் திரும்பியதைச் சப்பர்கள் தங்கள் முதல் பெருந்தலைவரின் வருகையாக நினைவுகூர்கிறார்கள்.

பின்னர் 1970களில், கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட, அன்று சயீர் என்று பெயர் மாற்றப்பட்டிருந்த காங்கோவில், அதிபர் மொபுட்டு மேற்கத்திய சூட்டையும் டையையும் ஒதுக்கி, 'அபகோஸ்ட்' என்ற, டையின்றி அணியும் மேலங்கியைத் தேசிய உடையாக நடைமுறைப்படுத்தினார். அதன் பெயரே 'சூட் ஒழிக' என்ற பிரெஞ்சு முழக்கத்தின் சுருக்கம். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் நல்ல சூட் அணிவது மீறலாக இருந்தது. விடுதலை பெற்ற நாட்டில், சர்வாதிகாரி ஒருவர் அதையே தேசத்துரோகத்தின் அடையாளமாக்கியபோது, பாப்பா வெம்பா (1949–2016) போன்ற பாடகர்கள் மேடையில் ஐரோப்பிய, ஜப்பானிய வடிவமைப்பாளர்களின் ஆடைகளை அணிந்து மீண்டும் அதை மீறலாக்கினார்கள். சூட் இயல்பாகவே அடிமைத்தனம் என்றோ, நாட்டுடை இயல்பாகவே விடுதலை என்றோ சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி பணத்தைப் பற்றி. சப்பர்கள் தச்சர்களாக, கொத்தனார்களாக, ஓட்டுநர்களாக இருப்பவர்கள். ஒருவரிடம் இருக்கும் காலணியை மற்றவர் வாங்கி அணிவதும், ஒரு சூட் பல தோள்களில் ஏறுவதும் அங்கே இயல்பு. ஓர் உடையில் மூன்று நிறங்களுக்கு மேல் சேரக் கூடாது என்ற விதியை அவர்கள் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள். சண்டையில் இறங்குவதும் முரட்டுத்தனமாகப் பேசுவதும் சப்பருக்கு அழகல்ல என்ற ஒழுக்கநெறியும் உண்டு. உள்நாட்டுப் போர்களால் சிதைந்த நகரங்களில் அது சிறிய செய்தி அல்ல. இவை அனைத்தையும் சொன்ன பிறகும், ஒரு குடும்பத்தின் உணவுச் செலவு கோட்டாக மாறும்போது அந்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அதன் விலையைக் கொடுக்கிறார்கள் என்ற உங்கள் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. காங்கோவிலும் அந்த விமரிசனம் வலுவாக உண்டு. நான் ஏற்க மறுப்பது ஒன்றுதான்: ஏழை என்பதனால் ஒருவருக்கு அழகுணர்ச்சி தேவையற்றது என்ற முடிவு. செல்வந்தர்களின் ஆடைச் செலவை நாம் இந்தக் கண்டிப்புடன் கணக்குக் கேட்பதில்லை.

ஐரோப்பிய நவநாகரிக உலகம் இவர்களைக் கவனிக்கத் தொடங்கியது மிகப் பின்னால். பக்கோங்கோவின் சப்பர்களைப் பற்றிய டேனியேல் தமாக்னியின் ஒளிப்பட நூல் 2009இல் வெளிவந்த பின், பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் பால் ஸ்மித் அதன் தூண்டுதலில் ஓர் ஆடைத் தொகுப்பை உருவாக்கினார். பாரிஸிலிருந்து பிரஸாவிலுக்கு வந்த உடை, அங்கே திருத்தப்பட்டு, மீண்டும் ஐரோப்பாவுக்கே போய்ச் சேர்ந்தது.

கேள்வி: 'ஜூட் சூட்' அணிந்ததற்காகவே கலவரம் நடந்தது உண்மையா?

பதில்: உண்மை. தோளில் தடித்த பஞ்சு, முழங்கால் வரை நீண்ட கோட், மார்பளவு உயர்ந்து, தொடையில் அகன்று, கணுக்காலில் இறுக்கமாக முடியும் கால்சட்டை, தொங்கும் நீண்ட சங்கிலி ஆகியவை சேர்ந்த இந்த உடை 1930களின் இறுதியில் ஹார்லெம் போன்ற இடங்களின் நடன அரங்குகளில் பரவியது. ஆடும்போது காலுக்கு இடம் கொடுக்கவே அத்தனை துணி. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் கம்பளித் துணிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியதும், அது தேசப்பற்றற்ற உடையாக முத்திரை குத்தப்பட்டது. 1943 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் கடற்படையினரும் பிற படைவீரர்களும் தெருத்தெருவாகச் சென்று, ஜூட் சூட் அணிந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களையும், அவர்களோடு கறுப்பின, பிலிப்பினோ இளைஞர்களையும் அடித்து, உடைகளை உருவி எறிந்தார்கள். காவல்துறை பெரும்பாலும் அடிபட்டவர்களையே கைது செய்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய தென் கரோலினாச் சட்டம் காவலருக்கு வழங்கிய அதிகாரத்தை இங்கே கும்பல் எடுத்துக்கொண்டது.

கேள்வி: மதிப்பாக உடுத்தினால் மதிப்பார்கள் என்ற நம்பிக்கை கறுப்பின மக்களுக்குப் பலன் தந்ததா?

பதில்: அரைகுறையாக. 1917 ஜூலை 28 அன்று, ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பினத்தவர் மேல் நடந்த படுகொலைகளைக் கண்டித்து, ஏறத்தாழ 10,000 கறுப்பின மக்கள் நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் ஊர்வலம் சென்றார்கள். ஆண்கள் கருநிற சூட்டிலும் பெண்களும் குழந்தைகளும் வெள்ளையிலும் ஒரு சொல்லும் பேசாமல் நடந்தார்கள். அந்த உடைக்கட்டுப்பாடு கண்டனத்தின் ஒரு பகுதி. 1950, 60களின் கறுப்பின மக்களது குடிமை உரிமைப் போராட்டத்திலும் கோட்டும் டையும் அதே பணியைச் செய்தன. உடையில் குறை காண வழியில்லாதபோது, தாக்குபவரின் காட்டுமிராண்டித்தனம் மட்டுமே படத்தில் எஞ்சி நிற்கும்.

ஆனால் உடை யாரையும் காப்பாற்றவில்லை. 1958 செப்டம்பரில் மான்ட்கோமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கைக் காவலர்கள் கையை முதுகுப்புறம் முறுக்கிக் கைது செய்த ஒளிப்படத்தைப் பாருங்கள்: வெளிர்நிற சூட், தொப்பி, எதிலும் குறையில்லை. வரலாற்றாசிரியர் எவ்லின் புரூக்ஸ் ஹிக்கின்பாதம் 1993இல் வெளியிட்ட நூலில் இந்த 'மதிப்புக்குரிய நடத்தை' அரசியலை ஆராய்ந்து அதன் வலிமையையும் எல்லையையும் காட்டினார். ஒடுக்கப்பட்டவரிடம், 'நீ முதலில் ஒழுங்காக உடுத்து' என்று சொல்வது பழியை அவர் மேலேயே திருப்பிவிடுகிறது. 1960களில் தென் மாநிலக் கிராமங்களில் வாக்காளர்களைப் பதிவுசெய்யச் சென்ற மாணவர் இயக்கத்தினர் சூட்டைக் களைந்து, விவசாயிகளின் டெனிம் உடைக்கு மாறியதும் இந்த உணர்வால்தான். 2005இல் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் சங்கிலி, தலைக்கட்டு, தொளதொளச் சட்டை ஆகியவற்றைத் தடைசெய்து ஆட்டக்காரர்களுக்கு உடைவிதி கொண்டுவந்தபோது, ஆலன் ஐவர்சன் போன்றவர்கள் அது கறுப்பின இளைஞர் பண்பாட்டைக் குறிவைக்கிறது என்று வெளிப்படையாக எதிர்த்தார்கள். அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்களோ அந்த விதியையே சாக்காக வைத்துத் தங்கள் தையற்காரர்களோடு சேர்ந்து விளையாட்டரங்கின் நுழைவு வழியை அணிவகுப்பு மேடையாக்கிவிட்டார்கள்.

டேண்டியும் 'மதிப்புக்குரிய' மனிதரும் ஒரே சூட்டை அணியலாம். பின்னவர் மற்றவர் கண்ணுக்கு உறுத்தாதபடி உடுத்துகிறார். டேண்டியோ கண் தன் மேல் பட வேண்டும் என்றே உடுத்துகிறார். என் மனம் டேண்டியின் பக்கம்தான் சாய்கிறது.

கேள்வி: நான் தையற்கலை மாணவி. அணிந்தவர்களைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறார்கள். தைத்தவர்கள் யார்?

பதில்: உங்கள் குறை நியாயமானது. அடிமையாக இருந்த தையற்காரி எலிசபெத் கெக்லி, வாடிக்கையாளர்கள் கடனாகத் தந்த 1,200 டாலரைக் கொண்டு 1855இல் தம்மையும் தம் மகனையும் அடிமைத்தளையிலிருந்து மீட்டு, அந்தக் கடனை ஊசி பிடித்தே அடைத்தார். பிறகு வாஷிங்டனில் அதிபர் லிங்கனின் மனைவிக்கு ஆடை தைப்பவரானார். 1953இல் ஜாக்குலின் பூவியே, ஜான் கென்னடி திருமணத்தில் மணமகள் அணிந்த ஆடையை உருவாக்கியவர் ஆன் லோ. திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு பணிமனையில் தண்ணீர் புகுந்து ஆடைகள் பாழாக, அவர் சொந்தச் செலவில் எல்லாவற்றையும் மீண்டும் தைத்துக் கொடுத்தார். பெரும்பாலான செய்திகளில் அவருடைய பெயர் வரவில்லை.

ஹார்லெமின் 125ஆம் தெருவில் 1982இல் கடை திறந்த டாப்பர் டான், பெரிய நிறுவனங்களின் சின்னங்களைத் தாமே தோலில் அச்சிட்டு, அந்நிறுவனங்கள் அன்று எண்ணியும் பாராத வடிவங்களில் கோட்டுகளை வெட்டினார். இரவும் பகலும் திறந்திருந்த அந்தக் கடை, வணிகச்சின்ன வழக்குகளாலும் சோதனைகளாலும் 1992இல் மூடப்பட்டது. 2017இல் இத்தாலிய ஆடம்பர ஆடை நிறுவனமான குச்சி (Gucci) அவருடைய பழைய மேலங்கி ஒன்றை ஒத்த ஆடையை மேடையேற்றியபோது கண்டனம் எழுந்து, அடுத்த ஆண்டே அவரோடு கூட்டுச் சேர்ந்து ஹார்லெமில் பணிமனை திறந்தது. அவரை நீதிமன்றத்துக்கு இழுத்த அதே துறை கடைசியில் அவரிடமே வடிவத்துக்கு வந்தது என்பதில் எனக்குத் திருப்தி உண்டு. இடையில் போன இருபத்தைந்து ஆண்டுகளை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை என்பதும் உண்மை.

லண்டனில் கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த ஓஸ்வால்ட் போட்டெங் 1995இல், ஆடவர் சூட் தையலுக்குப் பெயர்போன லண்டன் தெருவான சேவில் ரோவை ஒட்டிய வீகோ தெருவில் கடை வைத்தார். மரபான சேவில் ரோ வெட்டை நீட்டி ஒடுக்கி, சாம்பலும் கருநீலமும் ஆண்ட இடத்தில் ஊதா, கிளிப்பச்சை நிற உள்துணிகளைக் கொண்டுவந்தார். அவருடைய கோட்டுகளின் படங்களைப் பார்க்கும்போது, இடுப்பின் வெட்டையும் கோட்டின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லண்டன் வடிவமைப்பாளர் கிரேஸ் வேல்ஸ் பொன்னரின் மென்பட்டு ஆடைகளில் சோழி பதித்த இடங்களையும் கவனியுங்கள். ஆப்பிரிக்காவில் நாணயமாகப் புழங்கி, அடிமை வணிகத்தில் மனிதருக்கு விலையாகவும் கொடுக்கப்பட்ட பொருள் அது. 2014இல் சொந்தமாகத் தொடங்கிய அவர், 2025 அக்டோபரில் பிரெஞ்சு ஆடம்பர நிறுவனமான எர்மேஸின் ஆடவர் உடைப் பிரிவுக்கு வடிவமைப்புத் தலைவராக அறிவிக்கப்பட்டார். 2018இல் இன்னொரு பிரெஞ்சு ஆடம்பர நிறுவனமான லூயி வித்தோனின் ஆடவர் பிரிவுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவரான வெர்ஜில் ஆப்லோ கட்டடக்கலை படித்தவர்; தையல் இயந்திரத்தில் உட்கார அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் தையற்காரியான அவருடைய அம்மா.

தலைமைப் பதவிகளுக்கு வந்தவர்களின் பெயர்கள் எளிதில் செய்தியாகின்றன. துணியை மேசையில் விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வெட்டுபவர்களின் இருக்கைகளில் கறுப்பினத்தவர் எத்தனை பேர் என்பதையே நீங்கள் பயிலும் துறை இனி கேட்க வேண்டும். வெட்டுபவர் பணிக்கு நீண்ட பயிற்சி தேவை. குறைந்த உதவித்தொகையில் அந்த ஆண்டுகளைக் கடத்த வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளால் முடிவதில்லை.